காடைப் பெட்டிக்கு ஒரு சத்தமில்லாத சுவிட்ச்

"டீச்சர், சத்தம் போடாத ரிலே ஒண்ணு வேணும்" என்றார் சந்தியாகு.

நாச்சம்மை டீச்சர் கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஓரமாக வைத்தார்.

"ரிலேன்னா சத்தம் போடத்தான் செய்யும். உள்ளே காந்தம் இழுக்குது, தகடு போய் ஒட்டுது, டக்னு கேட்குது. அதுல என்னண்ணே கஷ்டம்?"

"அது டக்குங்கும்போதெல்லாம் என் பொண்டாட்டி கத்துறா."

மாடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாகு சிரிக்கவில்லை.

திண்டுக்கல்லில் நாச்சம்மை வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பட்டறை நடக்கும். வாரநாட்களில் அவர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம். ஒயரைக் கண்டால் சும்மா இருக்க முடியாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். வாரமெல்லாம் பல் பிடுங்கிவிட்டு, ஞாயிறன்று ரேடியோவின் பாகங்களைப் பிடுங்க வரும் பல் டாக்டர் கபூரும் அவர்களில் ஒருவர்.

பட்டறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு.

தான் செய்ததைத் தானே முதலில் ஆன் செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் சுவிட்சைப் போட வேண்டும். செய்தவரின் கண் சுவிட்சில் இருக்கக் கூடாதாம், செய்த பொருளில் இருக்க வேண்டுமாம்.

புகை வந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். புகைய வைத்தவர் வடை வாங்கி வர வேண்டும். தெருமுனை வடைக்கடைக்காரர் இந்தப் பட்டறை நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்.

சீடர்களில் வயதில் மூத்தவர் சந்தியாகுதான். நூலகர். காலமெல்லாம் அடுத்தவர்களைப் பார்த்து "உஷ்" என்று சொல்லிச் சம்பாதித்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது நாச்சம்மையும் அவரிடம் அந்த "உஷ்" வாங்கியதுண்டு. இப்போது அவர் டீச்சர், இவர் மாணவர். இரண்டு பேருக்கும் அதில் ஒரு ரகசிய சந்தோஷம்.

"முழுசாச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சந்தியாகு சொன்னார்.

அவர் மனைவி லூர்து மாவு மில் படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுக்கை. விட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது. பிறந்த வீட்டில் காடை வளர்த்தவள். அதனால் கண்ணெதிரே காடைக்குஞ்சு பொரித்தால் சிரிப்பாள் என்று சந்தியாகு நினைத்தார். தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே ஒரு பல்பு மாட்டி, அவள் கட்டில் பக்கத்திலேயே வைத்தார். கரண்ட் போனால் முட்டை குளிர்ந்துவிடும் என்று பல்பை பேட்டரியில் ஓடவிட்டார். சூடு கூடினால் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று ரிலேக்குச் சொல்லும், பல்பு அணையும். சூடு குறைந்தால் மறுபடி எரியும்.

ஒவ்வொரு முறையும் டக்.

"ஏங்க, அது என்னமோ சொல்ல வருது. ஒரேயடியாச் சொல்லித் தொலைக்கச் சொல்லுங்க" என்றாள் லூர்து.

தலையணையைக் காதில் வைத்துக்கொண்டாள். வானொலியைச் சத்தமாக வைத்தாள். மாதாவிடம் முறையிட்டாள்.

ஒருநாள் சத்தம் நின்றது. மாதா கேட்டுவிட்டாள் என்று நினைத்து, கால் முறிந்த பிறகு முதல்முறையாக மதியம் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாயங்காலம் சந்தியாகு வந்து பெட்டியைத் திறந்தார். ரிலேயின் தகடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பல்பு அணையவே இல்லை. முட்டையெல்லாம் வெந்துபோயிருந்தது.

"கால் ஒடிஞ்சப்பகூட அவ அழல டீச்சர். அன்னைக்கு அழுதா. சத்தம் நின்னுச்சுன்னு சந்தோசப்பட்டேனேன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

சந்தியாகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பண்ணையில மறுபடி முட்டை சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆனா அவ தாங்க மாட்டா. சத்தமும் வேணாம், சாவும் வேணாம்."

"அது ரெண்டு வரம்ணே" என்றார் டீச்சர். "ஒண்ணொண்ணாக் கேளுங்க."

"முதல்ல சத்தம்."

"உள்ளே எதுவுமே அசையாத சுவிட்ச் இருக்கு. சாலிட் ஸ்டேட்னு கேளுங்க. நீங்களே பார்த்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

*

அடுத்த ஞாயிறு சந்தியாகு காடைப் பெட்டியோடு கறுப்புக் கட்டி ஒன்றையும் கொண்டு வந்தார். சாலிட் ஸ்டேட் ரிலே. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கட்டளை வந்தால் எரிவதற்கு அதன் தலையில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. மாப்பிள்ளையை அழைத்து வந்தவர் போல அதை மேசை மேல் வைத்தார்.

இணைத்து முடித்ததும் கபூர் சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பல்பும் எரிந்தது. ஒரு சத்தம் இல்லை.

"அடடா!" என்றார் சந்தியாகு. கண் கலங்கிவிட்டது.

பெட்டி சூடானது. போர்டு கட்டளையை நிறுத்தியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

பல்பு அணையவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"புகை வருமா?" என்று கேட்டார் கபூர். "வராதா? அப்ப வடை?"

"போதும்னு சொல்லியாச்சு, அப்பறமும் எரியுதே! ஏன் டீச்சர்?"

டீச்சர் எழுந்து கீழே போனார். சந்தியாகு கறுப்புக் கட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

கூடத்தில் பெரிய ஊஞ்சல் ஒன்று தொங்கியது.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். டீச்சர் ஆட்டிவிட்டார். ஊஞ்சல் நன்றாக வீசி ஆடத் தொடங்கியதும், "இறங்குங்க" என்றார்.

சந்தியாகு முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார். அந்தக் கோடியில் ஊஞ்சல் திரும்பும் முன் ஒரு கணம் நின்றது. லாவகமாகக் குதித்தார். இந்த வயதிலும் முடிகிறதே என்று அவருக்கே பெருமை.

"சரி, வாங்க" என்று ஸ்கூட்டரை எடுத்தார் டீச்சர்.

சந்தியாகு பின்னால் ஏறிக்கொண்டார். ஸ்கூட்டர் பைபாஸ் சாலைக்குப் போனது. ஒரே சீரான வேகம். காற்று சட்டையை உப்பவைத்தது.

"இறங்குங்கண்ணே!" என்று டீச்சர் முன்னாலிருந்து கத்தினார்.

"என்னது?"

"இறங்குங்க!"

"வண்டி நிக்கலையே!"

"அதனால என்ன, இறங்குங்க!"

"வண்டி நிக்காம எப்படிம்மா இறங்குறது! எனக்குக் குடும்பம் இருக்கு!"

டீச்சர் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு டீ சொன்னார்.

பாதி டீயில் சந்தியாகுவின் கை அப்படியே நின்றது.

"வீட்டு கரண்ட்தான் ஊஞ்சல்" என்றார்.

"ம்."

"போயிப் போயித் திரும்புது. திரும்புறப்ப ஒரு கணம் நிக்குது. இந்தக் கட்டிக்குள்ள இருக்கிற கதவு அந்தக் கணத்துலதான் மூடிக்குது."

"ம்."

"பேட்டரி கரண்ட் ஸ்கூட்டரு. நிக்கவே நிக்காது. போதும்னு சொன்னாலும் கதவு மூட நேரமே கிடைக்கல."

"டீ ஆறுது, குடிங்கண்ணே."

சந்தியாகு சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வீட்டு கரண்டுக்கு மட்டும் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருந்தது. அட்டையைப் படிக்காமல் புத்தகத்தை எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று தனக்குத் தானே "உஷ்" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"இதைத் தூக்கிப் போட்டுறவா?"

"எதுக்கு? அது நல்ல பொருள். ஊஞ்சல் இருக்கிற இடத்துல வைங்க, சொன்ன பேச்சுக் கேட்கும்."

*

"ஓடுறவனை ஓடுறப்பவே நிறுத்துற கதவு வேணும்" என்றார் சந்தியாகு, மறு ஞாயிறு.

டீச்சர் ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே, எதுவும் அசையாமலே பேட்டரி கரண்டை விடவும் நிறுத்தவும் செய்யும் மாஸ்பெட்டுகள். கறுப்பு உடம்பு, மூன்று கால், எல்லாம் ஒரே முகம்.

"இவ்வளவு சின்னதா?"

"பிடிக்கலையா?"

"அப்படியில்ல" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே பெரிய சுமை தாங்கக்கூடிய பலசாலியைத் தேடி எடுத்தார்.

கபூர் சுவிட்சைப் போட்டார். பல்பு மங்கலாக எரிந்தது. மாஸ்பெட் சுட்டது. இன்னும் சுட்டது. பிறகு மெல்லிய கோடு போல ஒரு புகை எழுந்து சந்தியாகுவின் மூக்குவரை வந்தது.

கைதட்டலில் மாடி அதிர்ந்தது. கபூர் விசிலே அடித்துவிட்டார்.

சந்தியாகு தெருமுனைக்குப் போய் இரண்டு கையிலும் வடைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். அவரைக் கண்டதும் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். டீச்சர் அவர்களுக்கு முன்னால் போய்க் கதவைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடுக்கில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தார்கள். ஒருவர் முழங்கை அடுத்தவர் விலாவில் இடித்தது. யாரோ கை பட்டுச் சட்னிப் பொட்டலம் கபூரின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது.

"கதவை முழுசாத் திறங்க டீச்சர்! நசுங்குறோம்ல!" என்று கத்தினார் கபூர்.

"மெதுவாக் கூப்பிட்டா இந்தக் கதவு இவ்வளவுதான் டாக்டர் திறக்கும்."

வெளியே நின்ற சந்தியாகு வடையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என் போர்டு சன்னமாத்தான் பேசும்" என்றார்.

"நூலகத்து போர்டாச்சே" என்றார் டீச்சர்.

"அந்தப் பலசாலிக்கு அது பத்தல. பாதி திறந்தான். பாதிக் கதவுல கரண்ட் நெரிஞ்சது. வெந்துட்டான்."

"வடை குடுத்துட்டுப் பேசுங்கண்ணே!" என்று கெஞ்சினார் கபூர்.

சந்தியாகு வடையைக் கொடுத்துவிட்டு டப்பாவிடம் போனார். இந்த முறை ஒவ்வொன்றின் விவரத் தாளையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். சன்னக் குரலுக்கே முழுக்கத் திறக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவும் பார்க்க மற்றவற்றைப் போலத்தான் இருந்தது.

கபூர் எண்ணெய்க் கையால் சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. சூடானதும் அணைந்தது. ஆறியதும் எரிந்தது. சத்தமே இல்லை. மாஸ்பெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், சுடவில்லை.

சந்தியாகு டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கபூரின் கையையும் குலுக்கினார். வடைத் தட்டைத் துடைக்க வந்த டீச்சரின் அப்பா கையையும் சேர்த்துக் குலுக்கினார்.

"முதல் வரம் கிடைச்சாச்சு. ரெண்டாவது?" என்றார் டீச்சர்.

"அதான் ரிலேயே இல்லையே! இனி எது ஒட்டப் போகுது?"

"பழைய ரிலே எப்படிச் செத்துச்சு?"

"ஒட்டிக்கிட்டு. கதவு திறந்தபடியே."

"இதுவும் அனேகமா அப்படித்தான் சாகும். என்ன, சத்தம் போடாமச் சாகும்."

சந்தியாகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. லூர்துவின் அழுகை அவர் காதில் மறுபடி கேட்டது.

டீச்சர் இழுப்பறையிலிருந்து சட்டைப் பித்தான் அளவில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். வட்டமான உலோக வில்லை, இரண்டு கால்.

"உள்ளே ஒரு தகடு இருக்கு. பெட்டி அளவுக்கு மேல சுட்டா அது வளைஞ்சு பல்பை அணைச்சிரும். யாரையும் கேட்காது, போர்டையும் கேட்காது."

"வளையுமா?"

"வளையும். டக்னு கேட்கும்."

"அசையுறது வேணாம்னுதானே டீச்சர் உங்ககிட்ட வந்தேன்! அசையுறதையே கையில குடுக்குறீங்களே!"

"இது காவல்காரன்ணே. தூங்கிட்டே இருக்கட்டும். இவன் டக்னா முட்டைக்கு ஆபத்து. சும்மா இருந்தா உங்க வீட்டம்மா நிம்மதியா இருக்கலாம்."

*

முட்டைகள் வந்தன. புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. லூர்து படுத்தபடியே ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துப் பெட்டியில் வைக்கக் கொடுத்தாள்.

"இதிலேருந்து டக்குனு கேட்டா, நான் எங்க இருந்தாலும் போன் பண்ணு" என்றார் சந்தியாகு.

"கேட்காதுன்னீங்க?"

"கேட்கக் கூடாது."

கேட்கவில்லை. நாட்கள் போயின. பல்பு எரிந்தது, அணைந்தது. வீடு நூலகம் மாதிரி ஆனது. ஆனால் லூர்துவுக்குத் தூக்கம்தான் வரவில்லை.

"சத்தமே இல்லியேங்க. உள்ளே இருக்கா, போயிருச்சா?"

கண்ணாடி வழியே தெர்மாமீட்டரைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்பாள். முன்பு ஒவ்வொரு டக்குக்கும் கத்தியவள், இப்போது ஒன்றும் கேட்காததற்குப் பயந்தாள். சந்தியாகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பயம்தான்.

ஒருநாள் மதியம் நூலகத்தில் ஒரு போன் அலறியது. படித்துக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து முறைத்தார்கள். போன் நூலகருடையது.

"ஏங்க" என்றாள் லூர்து. "டக்குங்குது."

"என்னது?"

"நின்னு நின்னு கேட்குது. டக். அப்பறம் டக் டக்."

"பல்பை அணை! அணை லூர்து! பேட்டரி ஒயரைப் பிடுங்கு!"

"உஷ்!" என்றது நூலகம் முழுதும்.

"பேட்டரி கட்டிலுக்கு அடியில இருக்கு, எனக்கு எட்டலயேங்க" என்று அழுதாள் லூர்து.

சந்தியாகு பாலிடெக்னிக்குக்கு போன் செய்தபடியே வாசலுக்கு ஓடினார். நாச்சம்மைக்கு அப்போது வகுப்பு இல்லை. ஸ்கூட்டர் வந்தது, அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது.

வீட்டு வாசல் வந்தது. இந்த முறை வண்டி நிற்கும் முன்பே சந்தியாகு இறங்கிவிட்டார்.

உள்ளே லூர்து மாவுக்கட்டுக் காலைத் தொங்கவிட்டபடி கட்டில் ஓரத்துக்கு வந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

டீச்சர் கண்ணாடி வழியே பார்த்தார். சூடு சரியாக இருந்தது. மாஸ்பெட்டைத் தொட்டார். சுடவில்லை. பல்பு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் எரிந்தது. எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தன.

டக்.

"கேட்டுச்சா? கேட்டுச்சா டீச்சர்?" என்று பதறினார் சந்தியாகு. "காவல்காரன்தான்! முழிச்சுக்கிட்டான்!"

டீச்சர் பெட்டியின் மூடியை ஓரமாகத் தூக்கி, வில்லையை ஒயரிலிருந்து கழற்றினார். விடுபட்ட ஒயர் முனைகளை ஒன்றாக முறுக்கினார். வில்லையைச் சந்தியாகுவின் உள்ளங்கையில் வைத்தார்.

சந்தியாகு கையை மூடிக் காதில் வைத்துக்கொண்டார். வில்லை தூங்கிக்கொண்டிருந்தது.

டக். டக் டக்.

சத்தம் பெட்டியிலிருந்து வந்தது.

"அப்ப இது எது?" என்றார் சந்தியாகு. "ரிலே இல்ல. காவல்காரனும் என் கையில இருக்கான். அசையுற சாமான் எதுவுமே உள்ளே இல்லையே டீச்சர்!"

"இல்லையாண்ணே?" என்றார் டீச்சர்.

லூர்து கையை நீட்டிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியின் மேல் காதை வைத்தாள். அப்படியே இருந்தாள். ஓரத்திலிருந்த முட்டை ஒன்று, யாரும் தொடாமலே, லேசாக ஆடி நின்றது.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "உள்ளேருந்து ஒருத்தன் முட்டை ஓட்டைத் தட்டுறான். பக்கத்து முட்டைக்காரன் பதில் தட்டுறான்."

சந்தியாகு பெட்டியைத் திறந்து பார்க்கக் கை நீட்டினார்.

லூர்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"இந்த டக்கை மட்டும் நிறுத்திராதீங்க."